ரோஜாவுக்கும் காகிதப்பூவுக்கும் ஒரே இடம்

ஜூன் 4

சம்பந்தியம்மாவுக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டு ஆரம்பிக்கறதுதான் மரியாதை. கேட்டாச்சு.

நாம ரெண்டு பேரும் இனிமே போன்ல பேசிக்கக் கூடாதுன்னு உங்க மகனும் என் பொண்ணும் சேர்ந்து நம்மகிட்ட வாக்கு வாங்கிட்டாங்க. கடிதாசி எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. அதனால எழுதறேன்.

நேத்து என் பொண்ணு குட்டிகிட்ட, "ரோஜா மொட்டு விட்டுதா?"ன்னு கேட்டேன். பேச்சை மாத்தினா. விடாமக் கேட்டேன். "பின்னாடி இருக்கும்மா, நான் சரியா பார்க்கலை"ன்னா. பின்னாடின்னா எங்க? கேட் ஓரமா, காலை வெயில் விழற இடமாப் பார்த்து என் கையால நட்ட செடிக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா? அப்புறம்தான் மென்னு முழுங்கிச் சொன்னா. நீங்க போய்த் தங்கியிருந்தீங்களே, அப்போ அதைத் தோண்டி எடுத்து துணி துவைக்கற கல்லு பக்கத்துல, சுவர் நிழல்ல வெச்சுட்டீங்களாம். கேட் ஓரத்துல இப்ப உங்க காகிதப்பூ நிக்குதாம்.

என் பொண்ணு வாழற வீடு அது. அவ அம்மா வெச்ச செடி மேல கை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, கேட்கலை. ரோஜான்னா என்னன்னாவது தெரிஞ்சிருக்கணும். அதுக்கு அரை நாள் வெயிலாவது வேணும். அதுலயும் காலை வெயில். அப்போதான் இலையில இருக்கற பனி சீக்கிரம் காயும். காயலைன்னா கரும்புள்ளி வரும், இலை மஞ்சளாகி உதிரும். தண்ணியை வேர்ல ஊத்தணும், இலை மேல தெளிக்கக் கூடாது. நீங்க வெச்சிருக்கற இடத்துல யார் துணி கசக்கினாலும் அழுக்குத் தண்ணி அது மூஞ்சியிலதான் தெறிக்கும். பூ வாடினதும் அஞ்சு இலை இருக்கற கணுவுக்கு மேல சாய்வா வெட்டி விடணும். யாரு வெட்டுவா, நீங்களா?

நான் யூனிஃபார்ம் தைக்கறவதான், பெரிய படிப்பு இல்ல. ஆனா எங்க வெட்டணும், எங்க வெட்டக் கூடாதுன்னு இந்தக் கைக்குத் தெரியும்.

செடி பழைய இடத்துக்கு வரணும்.

குட்டியோட அம்மா


ஜூன் 12

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. படிச்சேன். பதில் சொல்ல வேண்டியது கடமை, சொல்றேன்.

நான் போன மறுநாள் காலையில எழுந்து வந்து பார்த்தா, அஞ்சு மாசக் கர்ப்பிணி கேட் பக்கத்துல குந்த வெச்சு உட்கார்ந்திருக்கா. மூக்குல துணி கூடக் கட்டலை. உங்க ரோஜாவுக்கு மருந்து அடிச்சிட்டிருக்கா. "என்னம்மா இது?"ன்னேன். "அம்மா குடுத்துட்டுப் போனாங்க, இலைப்பேன் வந்தா அடிக்கணுமாம்"ன்னா. காத்து அவ முகத்துப் பக்கம் வீசுது. நான் பிரசவ வார்டுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. இதைப் பார்த்துட்டு சும்மா நிக்க என்னால முடியாது. பாட்டிலை வாங்கிக் குப்பைத் தொட்டியில போட்டேன். செடியை மண்ணோட அலுங்காம எடுத்துப் பின்னாடி வெச்சேன். கொல்லலை. வார்டு மாத்தினேன், அவ்வளவுதான்.

அந்த வீட்டுல எல்லாப் பக்கமும் சிமெண்ட். வெயில் விழற மண் கேட் ஓரம் மட்டும்தான். அங்க எது நிக்கணும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க செடிக்கு தினம் தண்ணி, மாசம் ஒரு தடவை உரம், பூச்சிக்கு மருந்து, புள்ளிக்கு மருந்து, வாடின பூவைக் கிள்ள ஒரு ஆள். ஐ.சி.யூ. கேஸ் மாதிரி. காகிதப்பூவுக்கு வெயில் மட்டும் போதும். விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பார்த்து, காஞ்சிருந்தா தண்ணி. இல்லைன்னா வேண்டாம். அதிகமா ஊத்தினா இலைதான் வரும், பூ வராது. கொஞ்சம் காய விட்டாத்தான் பூக்கும். பூத்து முடிஞ்சதும் ஒரு தடவை கிளையைக் கழிச்சா வருஷம் ஓடிடும்.

குழந்தை வரப்போற வீட்டுல எந்தச் செடி இருக்கணும்? உங்க பொண்ணு குனியணுமா, நிமிரணுமா? நீங்களே சொல்லுங்க.

உங்க மாப்பிள்ளையைப் பெத்தவ


ஜூன் 26

சம்பந்தியம்மாவுக்கு,

அந்த பாட்டில்ல இருந்தது சோப்புத் தண்ணி. கண்ணாடி துடைக்கற பழைய பாட்டிலைக் கழுவி, சோப்புக் கரைச்சு நான்தான் ஊத்தி வெச்சேன். மருந்தோட வாசனை எத்தனை வருஷம் பிடிச்சிருப்பீங்க, ஒரு தடவை மோந்து பார்த்திருக்கக் கூடாதா? சோப்புத் தண்ணிக்குப் பயந்து என் செடியை நாடு கடத்திட்டீங்க.

ஞாயித்துக்கிழமை நானே போனேன். என் ரோஜாவைப் பார்த்தேன். ஒல்லியா, வெளிச்சம் தேடி ஒரு பக்கமா கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது. அதைக் கேட் ஓரத்துக்கே கொண்டு வந்துட்டேன். உங்க காகிதப்பூவை நான் தூக்கி எறியலை, உங்களை மாதிரி இல்ல நான். பழைய தண்ணி டிரம்மை அடியில ஓட்டை போட்டு, அதுல வெச்சேன். வேர்ல ஒட்டியிருந்த களிமண்ணை எல்லாம் நல்லா உதறி, குழாயில சுத்தமாக் கழுவி, புது மண் போட்டு நட்டேன். தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தச் சொல்லி மாப்பிள்ளைகிட்ட சொல்லியிருக்கேன். எவ்வளவுதான் இருந்தாலும் ஒரு உயிராச்சே.

அது எனக்குக் குடுத்த பரிசு என் கையில மூணு கோடு. ரோஜாவுக்கும் முள் உண்டேன்னு கேட்பீங்க. உண்டு. ரோஜா முள் துணியைப் பிடிச்சு இழுத்து, "பாத்துப் போ"ன்னு சொல்லும். உங்க செடி முள் ஒண்ணும் சொல்லாது, நேரா உள்ள இறங்கும். நாளைக்குக் குழந்தை தவழ்ந்து வந்து கேட்டைப் பிடிச்சு நிக்கப் போகுது, ஞாபகம் இருக்கட்டும்.

நான் தோண்டிக்கிட்டு இருந்தப்போ குட்டி வாசப்படியில நின்னு பார்த்தா. "அம்மா, ரெண்டுமே வேண்டாம்மா, விட்டுடு"ன்னா. பாவம், வயித்துப் பிள்ளைக்காரி, எதைப் பார்த்தாலும் அலுப்புதான் வரும். உள்ள போய்ப் படுன்னு அனுப்பிட்டேன்.

குட்டியோட அம்மா


ஜூலை 7

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மகன் போட்டோ அனுப்பினான். டிரம்ல ஒரு குச்சி நிக்குது. ஒரு இலை இல்லை.

கழுவினீங்களாம். வெளுக்கப் போட்ட துணியா அது? காகிதப்பூவோட வேர் முடி மாதிரி மெல்லிசு. தொட்டியில இருந்து எடுக்கும்போது மண் உதிரக் கூடாதுன்னு நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுத்தேன். அதை நீங்க உதறி, குழாயைத் திறந்து விட்டு, அதுக்கு மேல தினம் ரெண்டு வேளை தண்ணி வேற. தெரியாம செஞ்சேன்னு சொல்லாதீங்க. தெரியலைன்னா கேட்கணும்னு எனக்கே போன மாசம் பாடம் எடுத்தவங்க நீங்க.

அதை நிழலும் வெயிலும் கலந்த இடத்துல வெக்கச் சொல்லியிருக்கேன். தண்ணி நிறுத்தியாச்சு, மண் காஞ்சப்புறம்தான் குடுக்கணும். துளிர் வர்ற வரைக்கும் உரம் போடக் கூடாது, யாரும் தொடக் கூடாது. இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதறேன்.

இன்னொண்ணு. குழந்தை பிறந்ததும் முதல் மூணு மாசம் நான் அங்க இருக்கப் போறேன். இருக்கறது ஒரே ரூம், என்னைத் தவிர இன்னொரு ஆளுக்கு இடம் இல்லை. நீங்க வந்து பார்த்துட்டுப் போகலாம். உங்க பொண்ணுக்குக் கதவைத் திறக்கணும்னா கூட உங்களைக் கேட்டுட்டுத்தான் திறக்கணும். நான் இருந்த ரெண்டு வாரத்துல பார்த்தேன். குழம்புல உப்பு போதுமான்னு உங்களுக்குப் போன் பண்றா. அந்தப் பழக்கத்தோட ஒரு குழந்தையை வளர்க்க முடியாது. யாராவது அவளைத் தன் கால்ல நிக்க விடணும்.

உங்க மாப்பிள்ளையைப் பெத்தவ


ஜூலை 19

சம்பந்தியம்மாவுக்கு,

என் பொண்ணு எனக்குப் போன் பண்றான்னா, எடுக்க நான் இருக்கேன். உங்க மகன் யாருக்குப் பண்ணுவார்? போன வருஷம் எங்க வீட்டுக்கு வந்திருந்தப்போ ஒரு நாள் ராத்திரி முழுக்கக் காய்ச்சல் அடிச்சிருக்கு. பக்கத்து ரூம்ல நான் இருக்கேன், ஒரு குரல் குடுக்கலை. காலையில போர்வை தொப்பலா நனைஞ்சிருக்கறதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. "ஏன் மாப்பிள்ளை எழுப்பலை?"ன்னு கேட்டா, "எழுப்பிப் பழக்கம் இல்லைம்மா"ன்னார். அன்னைக்கு எனக்கு வந்த கோபம் அவர் மேல இல்ல. கொஞ்சம் காய விட்டாத்தான் பூக்கும்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சப்போ எனக்கு அந்தப் போர்வைதான் கண்ணுல வந்துச்சு. செடி காயலாம். பிள்ளை காயலாமா?

மூணு மாசம் நீங்க இருப்பீங்களாம், நான் எட்டிப் பார்த்துட்டுப் போகணுமாம். நான் பெட்டி கட்டி கட்டிலுக்கு அடியில வெச்சாச்சு. கடையைத் தங்கச்சிகிட்ட விட்டுட்டு, வலி வந்துடுச்சுன்னு தகவல் வந்த அடுத்த பஸ்ஸுல நான் அங்க இருப்பேன். முதல்ல வந்தவங்களுக்குத்தான் இடம். உங்களுக்குத் தரையில பாய் போட்டுத் தரேன்.

நல்ல சேதி ஒண்ணு சொல்றேன், உங்களுக்குப் பிடிக்காது. குட்டி என்கிட்ட சின்ன ஜன்னலுக்கு ரெண்டு திரைச்சீலை தைச்சு அனுப்பச் சொல்லியிருக்கா. அந்த வீட்டு ஜன்னல் எல்லாம் அகலமானது, எந்த ஜன்னலுக்குடின்னு கேட்டேன். "நீ அளவு மட்டும் குறிச்சுக்கோம்மா"ன்னா. குழந்தைக்கு ஏதோ தடுப்புக் கட்டப் போறா போல. என்கிட்டதான் கேட்டா. உங்ககிட்ட கேட்கலை.

ரோஜாவைப் பத்திக் கேட்டா மட்டும் சரியாப் பதில் வர மாட்டேங்குது. மழைக்குக் கரும்புள்ளி வந்திருந்தா கீழ விழுந்த இலையைப் பொறுக்கி வெளிய போடணும், அங்கேயே விடக் கூடாது. உங்க மகன்கிட்ட சொல்லுங்க. குனியறது அவரா இருக்கட்டும், உங்களுக்கும் சந்தோஷம்.

குட்டியோட அம்மா


ஆகஸ்ட் 10

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

என் மருமகளை எங்க வெச்சிருக்கீங்க?

சுத்தி வளைச்சுப் பேசற பழக்கம் எனக்கு இல்லை. நேத்து சொல்லாம கொள்ளாம அங்க போனேன். கேட் பூட்டியிருந்தது. வீடு வாடகைக்குன்னு அட்டை தொங்குது. பக்கத்து வீட்டுக் கண்டக்டரம்மா டூட்டிக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தாங்க. அவங்கதான் சொன்னாங்க, செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன வேன்ல சாமானை ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம். எங்கன்னு சொல்லலையாம்.

"நீங்க காகிதப்பூ அம்மாவா, ரோஜா அம்மாவா?"ன்னு என்னைக் கேட்டாங்க. நான் முறைச்சேன். "தப்பா நினைக்காதீங்க. இந்தத் தெருவுல, இந்த மாசம் கேட்டுல யார் செடின்னு பேசிச் சிரிச்சுப்போம். உங்க மருமகதான் பாவம். ஒரு நாள் கேட் ஓரம் தோண்டின குழி பக்கத்துல உட்கார்ந்து அழுதுது. எந்தச் செடியைப் பார்த்தாலும் ஒரு அம்மா கோவிச்சுக்கற மாதிரியே இருக்குக்கான்னுச்சு"ன்னாங்க.

செடி ரெண்டையும் அவங்ககிட்டயே குடுத்துட்டுப் போயிருக்காங்க. அவங்க ரோஜாவைக் கிழக்குப் பக்கமும் காகிதப்பூவை மேற்குச் சுவர் ஓரமும் வெச்சிருக்காங்க. இடம் தாராளமா இருக்கு. உங்க ரோஜாவுக்கு அடியில, ஒட்டுக் கட்டின இடத்துக்குக் கீழ இருந்து, காட்டு ரோஜாவோட ஒரு தடிச்ச கிளை வேகமா வளருது. சத்தெல்லாம் அது குடிக்குது. ஒட்டுச் செடி வெச்சவங்க இதைச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கணும்.

மகன் போனை எடுக்கலை. ஒரு செய்தி மட்டும் அனுப்பினான்: "நாங்க நல்லா இருக்கோம். டாக்டர்கிட்ட ஒழுங்காப் போறோம். குழந்தை பிறந்ததும் சொல்றோம். அதுவரைக்கும் யாரும் தேட வேண்டாம்." என் மகன் தானா இப்படி எழுத மாட்டான். இது உங்க வேலை. அவங்களை உங்க பக்கம் கூட்டிட்டுப் போய் ஒளிச்சு வெச்சிருக்கீங்க. கட்டிலுக்கு அடியில பெட்டி வெச்சவங்களாச்சே.

அட்ரஸை அனுப்புங்க. அந்தப் பொண்ணுக்கு இந்த மாசம் பிரஷர் பார்க்கணும்.

உங்க மாப்பிள்ளையைப் பெத்தவ


ஆகஸ்ட் 18

சம்பந்தியம்மாவுக்கு,

உங்க கடிதாசியைப் பிரிக்கற வரைக்கும் அவ உங்ககிட்டதான் இருக்கான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கும் அதே செய்திதான் வந்துது, ஒரு எழுத்து மாறாம. நீங்கதான் பக்கத்துல உட்கார்ந்து எழுத வெச்சீங்கன்னு உங்களைச் சபிச்சுக்கிட்டு இருந்தேன். என் பொண்ணு என்கிட்ட இருந்தே ஓடிப் போவான்னு எனக்கு எப்படித் தோணும்?

திரைச்சீலை. புது வீட்டு ஜன்னலுக்கு அளவு குடுத்திருக்கா. நான் ஓரத்துக்குப் பூ வேலை செஞ்சு, பஸ்ஸுல குடுத்து அனுப்பி வெச்சிருக்கேன். அவ ஓடிப் போறதுக்கு நானே தைச்சுக் குடுத்திருக்கேன்.

இதுக்கெல்லாம் யார் காரணம்? என் பாட்டிலைக் குப்பையில போட்ட அன்னைக்கு ஆரம்பிச்சுது. கேட் ஓரத்துல என் செடி பாட்டுக்கு நின்னிருந்தா ஒரு வம்பும் இல்ல. நான் வேரைக் கழுவினேன்னு சொல்லிக் காட்டுவீங்க. கழுவினேன். நீங்க முதல்ல தோண்டினீங்க.

கடையில கை ஓடலை. நேத்து ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வெச்சிருக்கேன். தங்கச்சி என்னை மெஷின்ல இருந்து எழுப்பி அனுப்பிட்டா. வீட்டுல உட்கார முடியாம நானும் கண்டக்டரம்மா வீட்டுக்குப் போனேன். அவங்களுக்கும் ஒரு தகவலும் இல்ல. நீங்க எழுதின அந்தக் காட்டுக் கிளையை, மண்ணைத் தள்ளி, அடியோட பிச்சு எடுத்தேன். அதை மேலாக வெட்டினா மறுபடியும் வரும், அதனாலதான் பிச்சேன். தெரிஞ்சுக்கோங்க. உங்க காகிதப்பூவுல கணுக்கணுவா துளிர் வந்திருக்கு. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.

ஏதாவது தகவல் வந்தா ஒரு வரி எழுதுங்க. எனக்கு வந்தா நானும் எழுதறேன். இதை சமாதானம்னு நினைச்சுக்காதீங்க. உங்க முகத்துல முழிக்கற எண்ணமே எனக்கு இல்ல.

குட்டியோட அம்மா


செப்டம்பர் 23

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முதல்ல விஷயம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. இனி நிதானமாப் படிங்க.

போன வியாழக்கிழமை மத்தியானம் மருமகள் எனக்குப் போன் பண்ணினா. ரெண்டு மாசத்துக்கு அப்புறம் அவ குரலைக் கேட்கறேன். "அத்தை, முகமெல்லாம் வீங்கியிருக்கு, தலைவலி விடவே மாட்டேங்குது, கண்ணுல பூச்சி பறக்கற மாதிரி இருக்கு, இது சாதாரணமா?"ன்னா. சாதாரணம் இல்லை. எங்க இருக்கேன்னு கூட நான் கேட்கலை. "போனை வெச்சுட்டு இந்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்குப் போ, வாசல்லயே பிரஷர்னு சொல்லு"ன்னேன். போயிட்டா. பிரஷர் உச்சத்துல இருந்திருக்கு. அன்னைக்கே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. நாள் வர்றதுக்கு முன்னாடியே எடுத்ததால குழந்தை எடை கம்மி. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க, நேத்து வெளிய எடுத்தாச்சு. பால் குடிக்குது. முடி நிறைய.

நான் இப்போ அவங்க வீட்டுல இருக்கேன். நாலாவது மாடி, சின்ன வீடு. மகன்தான் கூப்பிட்டான். "அம்மா, எனக்குப் பயமா இருக்கு, வா"ன்னான். அவன் அப்படி ஒரு தடவை கூட என்கிட்ட சொன்னதில்லை.

நீங்க கேட்கப் போற கேள்வியை நானே கேட்டேன். "உங்க அம்மாவைக் கூப்பிடாம என்னை ஏன் கூப்பிட்டே?" அவ சொன்னது இது: "அம்மா அழுவாங்க. நான் அவங்களைத் தேத்தணும். அதுக்கு எனக்கு அப்போ தெம்பு இல்லை. நீங்க நர்ஸ், அதனால கூப்பிட்டேன்." வேற காரணம் எதுவும் சொல்லலை. நானும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். சொல்லலை.

உங்களைக் குத்தணும்னுதான் அவ சொன்னதுல முதல் பாதியை எழுதினேன். எழுதினப்புறம் பார்த்தா ரெண்டாவது பாதி என்னைக் குத்துது. ரெண்டையும் அடிக்காம அனுப்பறேன்.

அவ எழுந்து உட்கார்ந்ததும் தானே உங்ககிட்ட பேசறேன்னு சொல்லியிருக்கா, என்னைச் சொல்ல வேண்டாம்னா. அவ பேச இன்னும் நாளாகும். பேத்தி பிறந்தது தெரியாம நீங்க அங்க யாரோ பிள்ளைங்களுக்கு யூனிஃபார்ம் தைச்சுக்கிட்டு இருக்கறதை நினைச்சா எனக்குச் சாப்பாடு இறங்கலை. உங்க மேல பாசம் இல்லை. எந்த அம்மாவா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். போன்ல உங்க அழுகையைக் கேட்க எனக்கும் தெம்பு இல்லாததால எழுதறேன்.

அட்ரஸ் பின்பக்கம் இருக்கு. வர்றதுன்னா செடி எதுவும் தூக்கிட்டு வராதீங்க. இங்க மண்ணே கிடையாது. பால்கனியில துணி காயப்போட மட்டும்தான் இடம்.

உங்க மாப்பிள்ளையைப் பெத்தவ


செப்டம்பர் 26

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதாசி வந்துது. கடையில ஆள் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அளவு எடுக்கறேன்னு உள்ள போய், துணி மூட்டைங்களுக்கு நடுவுல உட்கார்ந்து அழுது முடிச்சுட்டேன். அதனால அங்க வந்து அழுவேன்னு நீங்க பயப்பட வேண்டாம்.

பத்து மாசம் சுமந்து, இத்தனை வருஷம் கண்ணுக்குள்ள வெச்சு வளர்த்த நான். உயிர் போற நேரத்துல அவ வாயில உங்க நம்பர் வந்திருக்கு. இதை உங்களால எனக்கு எழுத முடிஞ்சுது பாருங்க, அந்தக் கல் மனசு எனக்கு இல்ல. நீங்க அந்த நிமிஷம் போகச் சொல்லலைன்னா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியும். தங்கச்சி சொன்னா. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும். சொல்ல வாய் வரலை. வரும்போது சொல்றேன்.

குழந்தைக்கு ஆறு சட்டை தைச்சு வெச்சிருந்தேன். எடை கம்மின்னு எழுதியிருந்தீங்களே, நேத்து எல்லாத்தையும் பிரிச்சு, சின்னதாக்கி மறுபடி தைச்சேன். தையல் உள்பக்கம் உறுத்தாம மடிச்சிருக்கேன். நீங்க எடுத்துத் துவைச்சு வெக்க வேண்டாம், ரெண்டு தடவை துவைச்சாச்சு.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுல வரேன். குட்டிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, திடீர்னு என்னைப் பார்த்து அவளுக்குப் பிரஷர் ஏறக் கூடாது. வேண்டாம்னு அவ சொன்னா, ஒரு வரி அனுப்புங்க. சட்டையை மட்டும் கண்டக்டரம்மா பஸ்ஸுல குடுத்து அனுப்பறேன்.

வரலாம்னு சொன்னா, கதவைத் திறக்கறது நீங்களாத்தான் இருப்பீங்க. அப்போ ஒண்ணும் பேசாம கொஞ்சம் வழி விட்டு நில்லுங்க. உங்ககிட்ட கேட்க வேண்டியது எனக்கு நிறைய இருக்கு. அவங்க தூங்கினப்புறம் நாலு மாடியும் இறங்கி, தெருவுல வெச்சுக் கேட்கறேன்.

குட்டியோட அம்மா